பன்னிரண்டாவது அட்டை

தமயந்தி தலையில் பூ வைத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. சொந்தக்காரக் கல்யாணங்களில் இதற்குப் பலர் பல காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். புருஷனோடு மனத்தாங்கல் என்றது ஒரு கூட்டம். ஏதோ வேண்டுதல் என்றது இன்னொன்று. உண்மைக் காரணம் அவ்வளவு சுவாரசியமாக இல்லை. மல்லிகை வாசம் கருவுக்கு ஆகாது. அவள் வேலை பார்க்கிற கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்துக்குள் போகிறவர்கள் பூ, சென்ட், பவுடர், சாம்பிராணி எதுவும் உடம்பில் ஒட்டாமல் போக வேண்டும். காற்றில் மிதக்கிற வாசனைகூட ஐந்து நாள் கருவை அழித்துவிடுமோ என்று பயந்து பயந்து வேலை செய்தவர்கள் அவர்கள்.

அப்படிப்பட்ட இடத்துக்குள்தான் முழுநோக்கியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

முழுநோக்கியும் நுண்ணோக்கிதான். ஆனால் அலமாரி உயரம். கருவுக்கு மினுங்கும் சாயம் ஏற்றி, ஊடே லேசர் ஒளியை மெல்லிய தகடாக ஐந்நூறு முறை பாய்ச்சும். நான்கே நிமிஷத்தில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருப்பதைப் படித்து, என்ன நோய் வரும், எவ்வளவு உயரம் வளரும் என்பதெல்லாம் சேர்த்து நூற்றுக்கு இத்தனை என்று ஒரு கார்டு துப்பும். பின்னாலேயே சட்டமும் வந்தது. அறுபதுக்குக் கீழே எடுத்த கருவைக் கருப்பையில் வைக்கக் கூடாது. கார்டே இல்லாத கருவை வைத்தால் வைத்தவரின் உரிமம் போகும், பிறக்கும் குழந்தைக்குக் குடிமை எண் கிடைக்காது. எண் இல்லாவிட்டால் தடுப்பூசி முதல் பள்ளிக்கூடம் வரை ஒரு கதவும் திறக்காது. சனங்களும் சும்மா இருக்கவில்லை. குழந்தை பார்க்கப் போகிற வீடுகளில் ஜாதகத்தோடு கார்டையும் நீட்டச் சொன்னார்கள்.

இயந்திரம் வந்த மறு வருஷமே தமயந்திக்கு உறுத்த ஆரம்பித்தது. தொண்ணூறு மதிப்பெண் வாங்கிய கருக்கள்கூடக் கருப்பைக்குள் போய் ஒட்டாமலே அழிந்துபோயின. முன்பெல்லாம் இவ்வளவு அழிந்ததில்லை. கேட்டால் எல்லோரும் ஒரே பதில் வைத்திருந்தார்கள். கரு நல்ல கரு என்று இயந்திரம் சொல்லிவிட்டது, ஆகவே கோளாறு அந்தப் பெண்ணின் உடம்பில். இப்படிச் சொல்லி அனுப்பப்பட்ட பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு படி இறங்கிப் போவதை நான்கு வருஷமாகப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது.

ஓவியா மட்டும் தலையைக் குனியவில்லை.

ஓவியாவுக்கு முப்பத்தொன்பது வயது. சென்னிமலைப் பக்கம் ஒரு மில்லில் துணி சோதிக்கிற வேலை. கணவன் நவீன் வேன் ஓட்டுகிறவன். உறைய வைத்திருந்த அவர்களுடைய மூன்று கருக்களில் இரண்டு போய்விட்டன. முதலாவது எண்பத்தெட்டு, இரண்டாவது தொண்ணூற்றொன்று. கடைசி ஒன்று நாளை காலை பதினோரு மணிக்கு வைப்பதாக இருந்தது. இதற்குமேல் கருமுட்டை எடுக்க முடியாது என்று மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

"மேடம், இதையும் அதே மெஷின்லதான் வெப்பீங்களா?" என்று கேட்டாள் ஓவியா. ஆலோசனை அறையில் மூவர் மட்டுமே இருந்தார்கள்.

"ஏன் கேக்கற கண்ணு?"

"நல்ல துணின்னு பாஸ் சீட்டு ஒட்டி அனுப்புனது ரெண்டு தடவ கிழிஞ்சு திரும்பி வந்துதுன்னா, நாங்க அப்பறம் துணியப் பாக்கமாட்டமுங்க. செக்கிங் டேபிளத்தான் பாப்பம்."

தமயந்தி பேனாவை மூடி வைத்தாள். இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று நான்கு வருஷம் காத்திருந்தவள் அவள். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"உசுருள்ளதப் பாக்கறதுக்குன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு மைக்ரோஸ்கோப் இருக்குது. சும்மா வெளிச்சத்துல பாத்தா கருவுல ஒண்ணும் தெரியாது. தண்ணிக்குள்ள தண்ணி கெடக்கற மாதிரி இருக்கும். சாயம் போட்டாத் தெரியும், ஆனா பழைய சாயமெல்லாம் கொன்னுரும். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல இன்னும் நுணுக்கமாத் தெரியும். அதுக்குக் காய வெச்சு, மேல உலோகம் பூசணும். அது செத்ததப் பாக்கறதுக்குத்தான்."

"இந்தப் பெரிய மெஷினு எப்படிங்க?"

"கொல்லாத சாயம்னு சொல்லித்தான் அது வந்துது. சாயம் கொல்லறதில்ல, வாஸ்தவம். சாயத்த மினுங்க வெக்க அடிக்கறாங்க பாரு லேசர், அதுதான். ஐந்நூறு தடவ. செல்லுக்குள்ள கொஞ்சங் கொஞ்சமா விஷம் ஊறும். மெஷினுக்கு அடியில இருக்கற வரைக்கும் கரு நல்லாத்தான் இருக்கும். மார்க்கும் நல்லா வாங்கும். உள்ள போன பிற்பாடு அழிஞ்சுரும்."

ஓவியா பையிலிருந்து ஒரு சிறு மடக்குக் கண்ணாடியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்று எண்ணுகிற கண்ணாடி.

"எழை எண்ணறதுக்கு இது போதுமுங்க. நூலு பருத்தியா, பாலியஸ்டரான்னு தெரியோணும்னா ஒரு நூல உருவி எரிச்சுப் பாக்கோணும். எரிச்ச நூல மறுபடி துணியில கோக்க முடியாதுங்களே."

"அதேதான்."

"அப்ப எதுல பாக்கறதுங்க?"

"பழசு ஒண்ணு இருந்துது. வெளிச்சத்தச் சாய்ச்சு விட்டு, நெழல வெச்சு மேடு பள்ளம் காட்டும். பச்சை வடிகட்டி போட்டு பத்தே நொடி. நோய் வருமா, நெட்டையா குட்டையான்னு அது சொல்லாது. உசுரோட இருக்குதா, ஒழுங்கா வளருதான்னு மட்டுந்தான் சொல்லும்."

"அது போதுமுங்களே."

அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த நவீன் திரும்பினான். "கார்டு இல்லாமப் பொறந்தா நம்பர் வராதுங்களே மேடம். நாளைக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாக்கூட நம்பர்தானுங்க கேப்பாங்க."

"மொதல்ல பொறக்கட்டும்ங்க," என்றாள் ஓவியா. "கார்டு இருக்குது, கொழந்த இல்ல. ரெண்டு தடவ பாத்தாச்சு."

தமயந்தி நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். டாக்டர் ரிஷிவர்தனும் அவளும் இந்த மையத்தில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அந்தக் காலத்தில் கேமரா இருந்தது. இருந்தாலும் அந்த முதல் செட் ஆட்களிடம் ஒரு பழக்கம். நுண்ணோக்கியில் பார்த்த ஒவ்வொரு கருவையும் பென்சிலால் ஓர் அட்டையில் வரைந்து வைப்பார்கள். வரையாவிட்டால் பார்த்ததாகவே கணக்கில்லை. இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. கரு நின்றாலும் போனாலும் அதை வரைந்த அட்டையைக் கிழிக்கக் கூடாது. படித்தவர்கள் செய்கிற காரியமா என்று அவர்களே தங்களைக் கேலி செய்துகொள்வார்கள், ஆனால் ஒருவரும் கிழிக்கமாட்டார்கள்.

"ஒரே ஒரு கரு ரிஷி. பழசுல பாத்துட்டு வெச்சுடலாம். நான் பொறுப்பு ஏத்துக்கறேன்."

"உனக்குப் பைத்தியம். லைசென்ஸ் போயிரும்."

"மெஷின் தப்புன்னு உனக்கும் தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. எங்கயுமே கொஞ்சம் போகும், மிச்சம் நிக்கும் தமா. பழச எப்பவோ ஸ்டோர்ல போட்டாச்சு. அதுக்கு பல்புகூட இப்ப வர்றதில்ல."

பல்பு வருவதில்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆறு வருஷமாகவே கிடைப்பதில்லை. இருந்தாலும் ஸ்டோர் சாவியை வாங்கிக்கொண்டு போனாள். உடைந்த கட்டில், ஓடாத ஏசி எல்லாவற்றுக்கும் பின்னால் மரப்பெட்டி மேல் அது உட்கார்ந்திருந்தது. மேலே போர்த்திய துணியில் தூசி அப்பிக் கிடந்தது. துணியை விலக்கினால், கண் வைக்கிற இடத்தில் இருந்த ரப்பர் வளையம் மட்டும் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அவள் செருகியைப் பொருத்தி விசையைப் போட்டாள். பச்சை வெளிச்சம் பளிச்சென்று வந்தது.

கிடைக்காத பல்பை யாரோ எங்கிருந்தோ வாங்கி மாட்டி, இதில் கண் வைத்துப் பார்த்துவருகிறார்கள் என்று தமயந்திக்குத் தெரிந்துவிட்டது. பிறகு கீழே இருந்த மரப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே பஞ்சு மெத்தை, அதன் அடியில் அட்டைகள். எடுத்து எண்ணினாள். பதினொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கரு, பென்சிலில். ஓரத்தில் ஒரு தேதியும் ஓர் எழுத்தும், பெயர் இல்லை. எல்லாம் இந்த நான்கு வருஷத்துத் தேதிகள். வலக்கைக்காரர்கள் நிழல் தீட்டினால் கோடு வலமிருந்து இடமாகச் சரியும். இதில் எல்லாக் கோடுகளும் இடமிருந்து வலமாகச் சரிந்திருந்தன. இருபத்தாறு வருஷமாக அவளுக்குப் பழக்கமான கோடுகள்.

தமயந்தி அட்டைகளை ரிஷிவர்தனின் மேஜைமேல் வைத்தபோது அவன் முகம் வெளுத்தது. இடது கையால் கண்ணாடியைக் கழற்றினான்.

"யாரோடது ரிஷி இதெல்லாம்?"

"பெரிய பெரிய இடம். கேக்காத."

"மெஷின் நல்ல மெஷின்னா பெரிய இடத்துக் கருவ ஏன் ஸ்டோர் ரூம்ல கொண்டுபோய்ப் பாத்த?"

அவன் கழற்றிய கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"இவங்களுக்குக் கார்டு?"

"கார்டுல நம்பர் போட எனக்குத் தெரியாதா. தொண்ணூத்திரண்டு, தொண்ணூத்தஞ்சு. மெஷின் பாத்ததாவே பதிவாயிருக்கு." குரலைத் தாழ்த்தினான். "பதினொண்ணுல பதினொண்ணும் தங்கிப் பொறந்துது தமா. இப்ப என்ன, உன் ஓவியாவுக்கும் அதே மாதிரி பண்ணிரு. எண்பத்தாறுன்னு கார்டு போட்டுத் தர்றேன். பன்னெண்டாவதா இருந்துட்டுப் போகட்டும். யாருக்கும் தெரியாது, அந்தப் பொண்ணுக்கும் கொழந்த கெடைக்கும்."

தமயந்தி ஆடிப்போனாள். கோபத்தில் அல்ல, ஆசையில். இவ்வளவு சுலபமாக முடிந்துவிடுமா. நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாள். யோசிக்க யோசிக்க வேறொன்று தெரிந்தது.

"அந்தப் பதினொரு கொழந்தையும் மெஷின் பாத்துப் பொழச்சதாத்தான ஏறியிருக்கு?"

"ஆமா."

"அப்ப நீ ஒளிச்சு வெச்சுக் காப்பாத்தின ஒவ்வொரு கொழந்தையும் அந்த மெஷினுக்கு சாட்சி. உன்ன மாதிரி இன்னும் எத்தன ஊர்ல எத்தன பேரு. சட்டம் நிக்கறதே இந்தப் பொய்க் கார்டு மேலதான் போல."

"நீ ஊரத் திருத்தப் போறயா, அந்தப் பொண்ணுக்குக் கொழந்த குடுக்கப் போறயா?" என்று கேட்டான் ரிஷிவர்தன். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டியவள் தமயந்தி அல்ல. அவள் அட்டைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டாள். "காலைல சொல்றேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஓவியா பச்சை கவுன் போட்டுக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்திருந்தாள். தமயந்தி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பதினொரு அட்டையைச் சொன்னாள், பொய்க் கார்டைச் சொன்னாள்.

"ரெண்டு வழியிலயும் கருவப் பழசுலதான் பாப்பேன், அதுல மாத்தமில்ல. கார்டு வாங்கிக்கிட்டா ஒரு தொந்தரவும் வராது. கொழந்தைக்கு நம்பர் வரும். வாங்கலைன்னா மதிப்பெண் கட்டத்துல 'பார்க்கவில்லை'ன்னு எழுதுவேன். விசாரணை வரும், உங்களையும் இழுப்பாங்க. உன் கொழந்த அம்மிணி. நீ எதச் சொன்னாலும் நான் ஒரு வார்த்த கேக்கமாட்டேன்."

நவீனுக்குக் கார்டு வேண்டும் என்பது முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. ஓவியா அவனைப் பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

"பதினெட்டு வருசமா டேபிள்ல நிக்கறனுங்க. மொதலாளி மகனே வந்து சொன்னாலும், பாக்காத துணிக்கு நான் பாஸ் சீட்டு ஒட்டுனதில்ல. எங்கொழந்தைக்கு ஒட்டுவனா?"

"கஷ்டம் வரும் ஓவியா," என்றான் நவீன்.

"வரட்டும்ங்க. ரெண்டு தடவையும் எங்கர்ப்பப்பையில கோளாறுன்னு சொன்னாங்க. உங்கக்கா மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க. எனக்கு மட்டும் கொழந்த வந்தாப் போதுங்களா? இன்னும் அந்தப் பேச்சக் கேட்டுட்டுப் போறாங்களே, அவுங்க?"

நவீன் தமயந்தி பக்கம் திரும்பி, "சரீங்க மேடம். உள்ளது உள்ளபடி எழுதிருங்க," என்றான்.

ஆய்வகத்தில் எந்தக் கருவைத் தொட்டாலும் பக்கத்தில் ஒருவர் சாட்சி நிற்க வேண்டும், பெயரை இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அன்று சாட்சி கிருபா, அங்கே ஏழு வருஷமாக டெக்னீஷியன். ஸ்டோரிலிருந்து பழைய நுண்ணோக்கியைத் தூக்கிவந்து துடைத்து வைத்ததும் அவள்தான். ஏன் என்று ஒரு தடவை கேட்டாள். தமயந்தி சொன்னாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

"ஓவியா நவீன். ஒரு கரு," என்றாள் கிருபா.

"ஓவியா நவீன். ஒரு கரு."

தமயந்தி குனிந்தாள். பச்சை வெளிச்சத்தில் அது மேடும் பள்ளமுமாக எழுந்து நின்றது. மெல்லிய வளையம், உள்ளே நிறைந்த நீர், ஓரத்தில் நெருக்கமாக ஒட்டிய ஒரு சிறு திரள். கிருபா நொடிகளை எண்ணினாள். எட்டில் அந்தத் திரள் லேசாகச் சுருங்கி விரிந்தது. பத்தில் தமயந்தி விளக்கை அணைத்தாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. உள்ளே என்ன நோய் இருக்கிறது, எத்தனை அடி வளரும், எதுவும் அவளுக்குத் தெரியாது. உயிரோடு இருந்தது. அதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அட்டையில் வரைந்தாள். படிவத்தில் நுண்ணோக்கியின் வகை என்ற இடத்தில், "பழைய நிழல் நோக்கி, பச்சை வடிகட்டி, பத்து நொடி" என்று எழுதினாள். மதிப்பெண் கட்டத்தில், "பார்க்கவில்லை". கையெழுத்துப் போட்டு கிருபாவிடம் தள்ளினாள்.

"நீ போடணும்னு இல்ல. தெரியாதுன்னு சொல்லிக்கலாம்."

"பக்கத்துல நின்னு எண்ணிட்டுத் தெரியாதுன்னு எப்புடிக்கா சொல்றது," என்று கிருபா கையெழுத்துப் போட்டாள். "எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் நீங்களே சொல்லிருங்க."

கருவைக் கருப்பையில் வைத்தது ரிஷிவர்தன்தான். தமயந்தி தன் வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். படிவம் மேஜைமேல் முகம் தெரியத்தான் கிடந்தது. படிக்காமல் கையெழுத்துப் போடுவது இயக்குநரான பிறகு வந்த வழக்கம். சாயங்காலம் பதிவேற்றும்போது படித்தான். மறுநாள் தமயந்திக்குத் தற்காலிகப் பணிநீக்கக் கடிதம் வந்தது, கருத்தரிப்புச் சட்டத்தைக் கண்காணிக்கும் ஆணையத்துக்குப் புகார் போனது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து விசாரணைக்கு அழைத்தார்கள். தமயந்தி ஒரு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு போனாள். ஆய்வகத்தை விட்டு விரட்டப்பட்டவளுக்குப் பூவுக்கு என்ன தடை. ஆணைய அலுவலக வராந்தா பெஞ்சில் ஓவியா ஐந்து மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் நவீன் தண்ணீர் பாட்டிலோடு. அறைக்குள் போகும்முன் ரிஷிவர்தன் தூணோரமாக வந்து நின்றான்.

"கிழிச்சுப் போட்டிருக்கணும்," என்றான் தணிந்த குரலில். "பதினொண்ணையும்."

"உன்னால முடியாது ரிஷி. உங்கிட்ட மிச்சம் இருக்கற நல்லது அது ஒண்ணுதான்."

விசாரணைக்குத் தலைமை ஆணையர் அனன்யா. நாற்பத்தைந்து வயதிருக்கும், கறாரானவர் என்று பெயர். அவருக்கு இடப்பக்கம் சட்ட அதிகாரி, வலப்பக்கம் இயந்திர நிறுவனத்தின் ஆள். மேஜைமேல் ஆணையரின் போன் ஒருமுறை ஒளிர்ந்தது. அதில் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்த ஒரு குழந்தை சிரித்தது. அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"மதிப்பெண் கட்டத்துல 'பார்க்கவில்லை'ன்னு எழுதியிருக்கீங்க. இது மறதியா, திமிரா?"

"ரெண்டும் இல்லீங்க. பாக்கல. அதனால அப்படி எழுதினேன்."

"பார்க்கணும்னு சட்டம் இருக்கு."

"பாத்தாச் செத்துரும்னா பாக்காம இருக்கறதுதானுங்க என் தொழில்."

நிறுவனத்து ஆள் பொறுமையாகச் சிரித்தார். "எங்க மெஷின் பார்த்த எத்தனையோ கரு ஆரோக்கியமான குழந்தைகளாப் பிறந்திருக்கு மேடம். இந்த மாவட்டத்துலயே தொண்ணூறுக்கு மேல எடுத்தவங்க இருக்காங்க."

"அதுல எத்தன உங்க மெஷின் பாத்ததுன்னு உங்களுக்கே தெரியாதுங்க," என்ற தமயந்தி, கைப்பையிலிருந்து அட்டைகளை எடுத்து மேஜைமேல் வரிசையாகப் பரப்பினாள். ரிஷிவர்தனின் இடது கையிலிருந்த பேனா மெதுவாகக் கீழே இறங்கியது.

"இது பன்னெண்டு கருவோட படமுங்க. பன்னெண்டும் அந்தப் பழைய மைக்ரோஸ்கோப்ல, அதே பத்து நொடி பாத்தது. முழுநோக்கி எதையும் தொடல. பதினொண்ணு அது வெச்சிருந்த பெட்டிக்குள்ளயே இருந்துது. அதுக்கெல்லாம் தொண்ணூறுக்கு மேல கார்டு இருக்குது. ஒண்ணுக்கு மட்டும் கார்டு இல்ல. அதுதான் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்குது. யாரு யாரோடதுன்னு எனக்குத் தெரியாதுங்க, தேதியும் ஒரு எழுத்துந்தான் இருக்குது. இதுல குத்தம் எதுன்னு நீங்களே எடுத்துக் குடுங்க."

நிறுவனத்து ஆள் முதல் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆணையரின் விரல் வரிசையில் ஒவ்வோர் அட்டையாக நகர்ந்தது. ஏழாவதில் நின்றது. பிப்ரவரி பதினொன்று என்று அதில் எழுதியிருந்தது, ஓரத்தில் 'அ' என்ற எழுத்து. அவர் அதைக் கையில் எடுத்தார். எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

"இந்த ஓரத்துல அடர்த்தியா வரைஞ்சிருக்கே," என்று கேட்டார். குரலில் இருந்த கறார் எங்கோ போயிருந்தது. "இது என்னங்க?"

"அதுதானுங்க கொழந்த," என்றாள் தமயந்தி. "சுத்தி இருக்கற வளையம் நஞ்சுக்கொடியாகும்."

ஆணையர் தலையசைத்தார். சட்ட அதிகாரி ஏதோ கேட்க வந்தார். ஆணையர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, உத்தரவு மதியம் வரும் என்று சொல்லி எழுந்தார். எல்லா அட்டைகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று மணிக்கு எழுத்தர் ஓர் உறையோடு வராந்தாவுக்கு வந்தார். உத்தரவு சின்னதாக இருந்தது. விசாரணை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது. ஓவியாவின் குழந்தைக்குப் பிறந்தவுடன் தற்காலிக எண் வழங்கலாம். தமயந்தியின் பணிநீக்கம் தொடரும். முழுநோக்கியைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

"நம்பர் வருதுங்களா?" என்று நவீன் இரண்டு தடவை கேட்டான். ஓவியா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அட்டையெல்லாம் இதுல இருக்குங்க மேடம். வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்து," என்றார் எழுத்தர்.

தமயந்தி உறையைப் பிரித்து மடியில் கொட்டி எண்ணினாள். இன்னொரு தடவை எண்ணினாள். ஓவியாவின் அட்டை இருந்தது. ஏழாவது இல்லை. கவிழ்த்து வைத்த போனும், கன்னத்துப் பொட்டும், அந்த ஒரு கேள்வியும் அவள் நினைவுக்கு வந்தன. ஒரு கணம் அவளுக்கு அந்தப் பெண்மேல் இரக்கம்தான் வந்தது. தன் பிள்ளையின் முதல் படத்தைப் பார்த்த எந்தத் தாய் திருப்பிக் கொடுப்பாள்.

"ஒண்ணு குறையுதுங்க," என்றாள்.

எழுத்தர் பதறிவிட்டார். "உள்ள போய்த் தேடிப் பாக்கட்டுங்களா?"

"வேண்டாமுங்க. எடுத்தவங்களே வெச்சுக்கட்டும், கிழிக்கமாட்டாங்க. நீங்க ரசீதுல மட்டும் உள்ளது உள்ளபடி எழுதுங்க. பன்னெண்டு ஒப்படைத்தது, பதினொண்ணு திரும்பி வந்தது, ஆணையர்கிட்ட நின்னுபோனது ஒண்ணு."

அவர் தயங்கினார். அவள் கையெழுத்துப் போடாமல் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் எழுத்தர் பெஞ்சில் ரசீதுப் புத்தகத்தை விரித்து, அவள் சொன்னபடியே எழுதினார்.

"எந்தத் தேதி போட்ட அட்டைங்க?"

"பிப்ரவரி பதினொண்ணு," என்றாள் தமயந்தி. "முழுநோக்கி பார்க்காததுன்னும் சேத்துப் போட்டுக்கங்க. உத்தரவுல இல்லாதது ரசீதுலயாவது இருக்கட்டும்."

எழுத்தர் அதையும் எழுதி, மூன்று பிரதியிலும் அரசு முத்திரை குத்தி, ஒன்றைக் கிழித்து அவளிடம் கொடுத்தார்.